மூன்று கிலோ நூற்று நாற்பது

பெல்லந்தூரில் பதினோராம் மாடி.
கதவைப் பாதி திறந்து அந்த அம்மா
ஷூப் பெட்டி இரண்டைக் காலால் நகர்த்தினார்.
"பையன் இப்போ கிடார் கத்துக்கிறான்."

பையில் கொட்டிக்
கைத்தராசின் கொக்கியில் மாட்டினேன்.
மூன்று கிலோ இருநூறு.
கிலோ முந்நூறு என்றால்
தொள்ளாயிரத்து அறுபது.
அவர் போனில் பணம் விழுந்த சத்தமும்
கதவு சாத்திய சத்தமும் ஒன்றாய்க் கேட்டன.

ஒரு அட்டை ஒன்றே முக்கால் கிராம்.
லிஃப்ட் இறங்குவதற்குள் வகுத்துவிட்டேன்:
ஆயிரத்து எண்ணூறு பூதங்கள்
என் தோளில் தொங்குகின்றன,
கூட்டமாய், பெயர் கேட்பாரில்லாமல்.

காக்ஸ் டவுனில் எங்களுக்கு ஒற்றை அறை.
இரவு பத்துக்கு மேல் கட்டில்தான் கடை.
ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் பில் போட்ட கையால்
ஃப்ளோரா பிரிப்பாள்:
நெருப்பு இந்தப் பக்கம், நீர் அந்தப் பக்கம்,
மண்ணெல்லாம் தலையணைமேல்.
ரப்பர் பேண்ட் தீர்ந்தபோது
தலையிலிருந்த சிவப்பு பேண்டை உருவி
நீர்க்கட்டுக்குப் போட்டாள்.

சந்தேகம் வந்தால் டார்ச்.
ஒளி ஊடுருவினால் போலி.
நல்ல அட்டையின் வயிற்றில்
கறுப்புத் தாள் ஒன்று உண்டு,
அது எதையும் வெளியே விடாது.

மினுங்குவது பன்னிரண்டு தேறியது.
பதினொன்றை உறையிலிட்டு விற்றேன், ஆயிரத்து நூறு.
பன்னிரண்டாவதை, பொன்கொம்பு மாட்டை,
மிச்சத்தின் மேலே வைத்தேன்.
ஏமாற்று இல்லை,
தக்காளிக்காரன் கூடையில் செய்வதுதான்.

பனிப்பல்லி ஒன்றின் முதுகில் மட்டும்
நீலப் பேனாவில் 'ரெயான்ஷ் 4-பி'.
எழுதிய அட்டைக்கு விலை இல்லை,
எடை உண்டு.

ஞாயிற்றுச் சந்தையில் மஞ்சப்பா எடுத்துக்கொண்டார்,
கிலோ இருநூற்று எண்பது.
நோட்டில் குறித்தேன்: 3.180.
ஆட்டோவும் உறையும் போக
எண்ணூற்றுச் சொச்சம் நின்றது.
அன்று மீன் வாங்கினோம்.

அதற்குப் பிறகு மழை.
அட்டைகள் அப்பளமாய் வளையும் மாதங்கள்.
புது ஷூ பெட்டிகளில் கிடக்கும்
ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களுக்காகக்
கமர்ஷியல் தெருவில் கை நீட்டி நின்றேன்.

கார்த்திகையில் ஆர்.டி. நகர்.
கார் இல்லாத ஒரு கராஜ்.
ஷபானா என்ற பெண், கல்லூரிப் பை தோளில்,
பேரம் மட்டும் முப்பது வருடப் பழக்கம்போல.
"ஹுப்ளிச் சரக்கு. யாரும் கிளறாதது.
நானூற்றைம்பது, கொனே பெலெ."

பை திறந்தது.
மேலே பொன்கொம்பு மாடு.
கீழே சிவப்புத் தலைப் பேண்ட்,
ஒரு நீண்ட முடி இன்னும் சுற்றியபடி.
கைவிட்டுத் துழாவினேன்.
ரெயான்ஷ் 4-பி.

சிரிப்புதான் முதலில் வந்தது.
தராசு காட்டியபோது போய்விட்டது.
மூன்று கிலோ நூற்று நாற்பது.

நாற்பது கிராம் குறைகிறது.
இருபத்து மூன்று அட்டை.
நான் வைத்த மாட்டை யாரும் தொடவில்லை.
ஹுப்ளிக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ
யாரோ ஒருவர்
நானும் ஃப்ளோராவும் இரண்டிரண்டு முறை பார்த்துத் தள்ளிய குப்பையில்
இருபத்து மூன்றை மட்டும்
உருவியிருக்கிறார்.

எவை?
மினுங்குவதற்குத்தான் நான் பட்டியல் வைப்பேன்.
மற்றதற்குத் தராசு போதும் என்றிருந்தேன்.

ஆயிரத்து நானூற்றுப் பதின்மூன்று கொடுத்தேன்.
ஷபானா ஆச்சரியப்பட்டாள்,
பேரம் பேசாமல் போகிறவனைப் பார்த்து.

"எங்க சரக்கு?" என்றாள் ஃப்ளோரா.
"ஹுப்ளி."
அவள் நீர்க்கட்டை எடுத்தாள்.
பேண்டைக் கழற்றினாள், பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் தலையில் போட்டுக்கொண்டாள்.

புது நோட்டு பிரித்தேன்.
ஒன்று: சேற்றுத் தவளை.
இரண்டு: சேற்றுத் தவளை.
மூன்று: சேற்றுத் தவளை,
இதற்கு மட்டும் இடது கண் பச்சை.

இரண்டையும் அருகருகே வைத்தேன்.
மறுபடி வைத்தேன்.

ஃப்ளோரா,
அந்த டார்ச்சை எடு.