கடைசியாகப் பார்த்தது

இரண்டிலிருந்து நாலு வரை
காரைக்குடி செக்காலை ரோட்டில்
வெயிலைத் தவிர யாரும் கடைக்கு வருவதில்லை.
அந்த நேரத்துக்குத்தான் போர்டு வைத்தேன்:
அறுபது தாண்டியவர்களுக்கு போன் சொல்லித்தரப்படும்.
கட்டணம் இல்லை.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு
எழுத்தைப் பெரிதாக்கியதே போதுமாயிருந்தது.
ஒரு வாத்தியார்
நாலாயிரம் காலை வணக்கங்களை அழிக்கச் சொல்லிவிட்டு
நடுவில் ஒரு ரோஜாப்பூவுக்கு மட்டும்
"பொறு, இது யார் போட்டது?" என்றார்.
சிகப்பி ஆச்சி போனிடம்
"கருப்பட்டி ரெண்டு கிலோ" என்றார்கள்.
கருப்புப் பெட்டி ரெண்டு கிலோ, என்று எழுதியது அது.
"காது மந்தம் எனக்கா, இதுக்கா?"

சாத்தையா வந்தது மூன்றாவது வியாழன்.
முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் கண்டக்டர்.
கட்டைவிரலை நாக்கில் தொட்டுத்தான்
திரையைத் தள்ளுவார்.
ஈரத்துக்கு அது நகராது.
"டிக்கெட்டு கிழியும். இது கிழிய மாட்டேங்குது."

மகள் சுகந்தி ஓசூரிலிருந்து
முன்பே சொல்லியிருந்தாள்:
வீடியோ கால் சொல்லிக்கொடுங்கக்கா,
எப்ப எடுத்தாலும் நெத்தியும் ஃபேனும்தான் தெரியுது.

நெற்றியிலிருந்து மீசை வரைக்கும்
ஒரு மணி நேரத்தில் இறங்கினோம்.
பிறகு அவர் வாசலை ஒருதரம் பார்த்து
குரலைத் தணித்தார்.
"ராபியத்து, நான் முழிச்சிருக்கிறது
அவளுக்குத் தெரியாமப் பண்ண முடியுமா?
ரெண்டு மணிக்கு ஏன் பார்த்தீக, மூணு மணிக்கு ஏன் பார்த்தீகன்னு
செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி
விடிஞ்சதும் ஏறிடுறா."

ரெண்டு மணிக்கு என்ன பார்ப்பீர்கள் என்று
நான் கேட்கவில்லை.
பஸ்ஸில் ஏறியவரிடம் எதற்குப் போகிறாய் என்று
அவர் கேட்டிருக்க மாட்டார்,
எங்கே இறங்கணும் என்பதோடு சரி.

வாட்ஸ்அப், மூன்று புள்ளி, அமைப்புகள்,
தனியுரிமை, கடைசியாகப் பார்த்தது, யாருக்கும் இல்லை.
ரீசார்ஜ் சீட்டின் பின்புறம்
ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார்,
ஸ்ரீராம் நகர் கோட்டையூர் பள்ளத்தூர் என்று
ஸ்டேஜ் குறிக்கிற கையெழுத்தில்.
அடியில் ஒரு கோடு போட்டு
"இறங்கியாச்சு" என்றார்.

மறுநாள் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன்,
சுகந்தி.
"அப்பா போன்ல என்னக்கா செஞ்சீங்க?"
பெரியவங்களுக்கும் ஒரு, என்று தொடங்கினேன்,
அவள் விடவில்லை.
"காலையில கண்ணு முழிச்சதும் அதைத்தான் பார்ப்பேன்.
நாலு நாப்பதுன்னு இருந்தா
நாலு நாப்பதுக்கு இருந்திருக்கார்னு அர்த்தம்.
அப்புறம்தான் பல்லு விளக்குவேன்.
திட்டுறதெல்லாம் சும்மாக்கா.
வேற என்னத்தப் பேசுறது அவர்ட்ட?"

சொல்லிடாதீங்க என்றாள்.
சொல்லிவிட்டேன்.

ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.
சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார், மடித்தார்.
"அவளுக்கு மட்டும் தெரியிறாப்புல வைக்கலாமா?"
வைக்கலாம். ஆனால் மற்ற நூற்றுப் பன்னிரண்டு பேரை
ஒவ்வொருவராய் விலக்க வேண்டும்.
"நானே செய்றேன்."

விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.
டெப்போ ஆரோக்கியம். பால்காரர். கேஸ்.
தேவகோட்டை மச்சான்.
பெயரெல்லாம் வாய்விட்டுப் படித்து
கூட்டத்தில் ஒரு தலையும் விடாமல்
குத்திக்கொண்டே போனார்.
டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்த பையன்
இரண்டுமுறை கடிகாரத்தைப் பார்த்தான்.
இருக்கட்டும் என்றேன்.

ராபியத் செல் கடை
என்ற இடத்தில் விரல் நின்றது.
என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

"நீயும் இறங்கிக்கம்மா."