முதற்பெயர் அறியப்படவில்லை

டுலூத்தில் இன்று மைனஸ் இருபத்தேழு.
சுப்பீரியர் ஏரி கரையோரம் உறைந்து
நடுவில் மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது,
யாரோ பானையை அடுப்பில் மறந்துவிட்டுப் போனதுபோல.

என் கையில் நாற்பத்தொரு ஸ்விட்சுகளின் பட்டியல்.
முதலாவது, நகரசபையின் தண்ணீர் பம்ப் நிலையம்.
மூன்று பூட்டு. ஒரு கேமரா.
வாசலில் டுவெய்ன், இடுப்பில் சாவிக்கொத்து,
என் அட்டையை இரண்டு முறை பார்த்துவிட்டு
"உள்ளே போ, ஃப்னூ" என்றான்.

கொதிகலனுக்குப் பின்னால்
துடைப்பமும் வாளியும் நிற்கும் அலமாரி.
அதற்குள் அது, பச்சைக் கண்களைச் சிமிட்டியபடி
பதினோரு வருடமாகத் தூங்காமல்.
அடிப்பக்கம் தடவினேன். தொழிற்சாலை ஒட்டிய சீட்டு
தூசிக்குள் இன்னும் வாசிக்க முடிந்தது:
பயனர், அட்மின். கடவுச்சொல், அட்மின்.

தட்டினேன்.
யார் என்றுகூடக் கேட்கவில்லை.

மூன்று பூட்டையும் கேமராவையும்
குளிரில் நிற்கும் டுவெய்னையும் நினைத்துக்கொண்டேன்.
முன்வாசலில் யானையைக் கட்டிவிட்டு
கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறந்த வீடு.

பதிவைத் திறந்தால்
போன அக்டோபரிலிருந்து, விடியற்காலை மூன்று பத்துக்கு
எந்த ஊர் முகவரியோ, யாரோ வந்திருக்கிறார்கள்.
பத்தொன்பது முறை.
ஒன்றையும் மாற்றவில்லை. ஒன்றையும் எடுக்கவில்லை.
நான்கு நிமிடம் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
களவு போயிருந்தால் கணக்காவது மிஞ்சும்.
இது, ஊர் தூங்கும்போது
கட்டிலோரம் நின்று பார்த்துவிட்டுப் போனது.

மார்லிஸை அழைத்தேன்.
"எதையாவது உடைத்தார்களா?"
"இல்லை."
போனில் அவள் காபி உறிஞ்சும் சத்தம்.
பிறகு நீளமாக ஒன்றும் இல்லை.
"பதிவை நகலெடுத்துக்கொள். பிறகு மாற்று. எல்லாவற்றையும்."

புதிய சொல்லுக்காகக் கர்சர் துடித்தது.
இங்கே மனிதர்கள் நாயின் பெயரைப் போடுவார்கள்,
மகள் பிறந்த தேதியை, ஹாக்கி அணியை.
எனக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது
இங்கிலீஷ் எழுத்தில் பனங்கற்கண்டு.
இதையெல்லாம் எவன் ஊகிப்பான் என்று தோன்றும்.
ஊகிப்பான். திருடர்களுக்கு
எல்லா மொழியிலும் அகராதி இருக்கிறது.
அர்த்தம் இருந்தாலே ஆபத்து.
ஆகவே இருபது எழுத்து,
யாருக்கும் எதையும் சொல்லாத இருபது எழுத்து,
இயந்திரமே குலுக்கிப் போட்டுத் தந்தது.
வாய்விட்டுச் சொன்னால் தும்மல் மாதிரி இருக்கும்.

நான்கு வரிக் கட்டளை. நாற்பது வினாடி.
பழைய அட்மின் முடிந்தான்.

வெளியேறும் இடத்தில் கையெழுத்துப் புத்தகம்.
டுவெய்ன் எனக்காக ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான்:
எஃப் என் யூ.
முதற்பெயர் அறியப்படவில்லை.

அப்பாவை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி
ஒரு புள்ளியோடு முன்னால் உட்காரவைக்கும் எங்கள் கணக்கு
விசா படிவத்துக்குப் பிடிபடவில்லை.
இருந்த ஒரே பெயரைக் கடைசிக் கட்டத்தில் தள்ளிவிட்டு
காலிக் கட்டத்தை அதுவே நிரப்பிக்கொண்டது.
ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை, பல் டாக்டரின் கோப்பு,
எங்கும் அதே தொழிற்சாலைச் சீட்டு.

நான் வெயிலுமுத்து.
இந்தக் குளிரில் அதற்கு அர்த்தம் சொன்னால்
டுவெய்ன் சிரிப்பான். எனக்கும் சிரிப்பு வரும்.

மாற்றலாம். ஒரு மனு, கட்டணம்,
இரண்டு சாட்சி, ஒரு நீதிபதி.
ஏழு வருடமாக மாற்றவில்லை.
ஃப்னூ என்று யார் கூப்பிட்டாலும்
திரும்பிவிடுகிறேன்,
யார் என்றுகூடக் கேட்காமல்.

டுவெய்னிடம் பேனா கேட்டேன்.
வாசல் குளிரில் மை உறைந்து கிடந்தது.
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து
உருட்டிக்கொண்டிருக்கிறேன்.
இன்னும் நாற்பது ஸ்விட்ச் பாக்கி.