உறவுமுறை

கேத்தி பாலாடாவில் இரவு இரண்டு மணிக்குத்தான் விடியும்.
கேரட் கழுவும் எந்திரம் உருளத் தொடங்கினால்
பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது.
நான் கணக்கு எழுதுகிறவன். பெயர் பெள்ளன்.
சாக்கு எண்ணுவேன், டீசல் குறிப்பேன்,
மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி கிளம்பும்வரை
கண்ணை மூட மாட்டேன்.

எந்திரத்தில் நிற்கும் தர்ஷனுக்கு ஒரு தங்கை,
நிரோஷினி. பதினொன்றாம் வகுப்பு.
அம்மா திருப்பூரில், பனியன் கம்பெனி விடுதியில்.
அண்ணன் வேலைக்கு வந்துவிட்டால்
லைன் வீட்டில் அவள் தனி.
கதவுக்கு வெளியே காட்டெருமை மூச்சு விடும் என்றாள்.
எருமையை மட்டும்தான் சொன்னாள்.
வேறு எது மூச்சு விடும் என்று நான் கேட்கவில்லை.
மறுநாளிலிருந்து இங்கேயே வரச் சொன்னேன்.

காலிச் சாக்குக் கட்டில் சாய்ந்து படிப்பாள்.
சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை.
எட்டாவதோடு நின்றவன்;
அவளுடைய வேதியியல் பக்கம் எனக்கு
எறும்பு ஊர்ந்த தடம்.
பல்பை மட்டும் ஓரடி நகர்த்தினேன்,
என் மேசையிலிருந்து அவள் பக்கம்.
அன்றைக்குக் கணக்கில் ஒரு சாக்கு தப்பியது.
முதலாளி வாயில் வந்ததெல்லாம் சொன்னார்.
பல்பு அங்கேயே இருக்கிறது.

லாரி யூசுப் கீழேயிருந்து ஏறி வரும்போது
பழைய வினாத்தாள்கள் கொண்டுவருவான்,
தக்காளிக் கறையோடு.
டீக்கடை சகாயமேரி ஐந்தரைக்கு அவளை எழுப்புவாள்,
திட்டிக்கொண்டே.

போன மாதம் ஒரு தாளை நீட்டினாள்.
பெற்றோர் கூட்டம். வெள்ளி, இரண்டரை.
‘யாராவது வரணுமாம்’ என்றாள்,
சாக்கைப் பார்த்துக்கொண்டு.
அந்த ‘யாராவது’ என் மேசைமேல்
வெகுநேரம் கிடந்தது.

என் மகனுக்கு நான் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை.
அவன் அம்மா போனாள்.
இப்போது கோவையில் இருக்கிறான். பண்டிகைக்குக் கூப்பிடுவான்.
உடம்பு எப்படி என்பான்.
அப்புறம் இருவரும் மழையைப் பற்றிப் பேசுவோம்.

போனேன்.
ரப்பர் பூட்ஸில் முழங்கால்வரை சேறு.
ஒரு படிவம். அதில் உறவுமுறை என்று ஒரு கட்டம்.
டீச்சர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.
‘அப்பாவா?’
இல்லைங்க.
‘மாமாவா?’
இல்லைங்க.
‘அப்போ என்னதான் வேணும்?’
‘கேரட்டுங்க’ என்றேன்.
பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
நிரோஷினியும்தான்.

முதல் பீரியடில் தூங்குகிறாள்.
இயற்பியலில் முப்பத்தொன்று.
இப்படியே போனால் என்ன செய்வதாக உத்தேசம்?
எடை போடுகிறவன் நான்.
நனைந்த சாக்கை நிறுத்து விலை பேசக்கூடாது,
அதைச் சொல்லலாமா என்று பார்த்தேன்.
நாக்கு எழவில்லை.
‘பாத்துக்கறோம்ங்க’ என்றேன்.

கேட்டைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது.
‘பாத்துக்கறேன்’ என்று முடித்திருக்கலாம்.
அந்த ‘றோம்’ எங்கிருந்து வந்தது?
அதற்குள் யார் யார் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்?
யூசுப். சகாயமேரி.
நின்றபடி தூங்கும் தர்ஷன்.
திருப்பூரில் ஊசிக்குக் கீழே விரலை விட்டுவிடாமல்
துணி தள்ளும் அவள் அம்மா.
ஓரத்தில், இடம் கிடைக்காமல், நான்.

மார்க்கைப் பற்றி அவளிடம் ஒன்றும் பேசவில்லை.
பஸ் வரும்வரை வர்க்கி தின்றோம்.
நொறுங்கிய தூளை உள்ளங்கையில் கொட்டி
வாயில் போட்டுக்கொண்டே
‘கேரட்டா?’ என்றாள்.
புரையேறும்வரை சிரித்தாள்.
தலையில் தட்டலாமா என்று யோசித்து
தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

இந்த மாதம் அவள் தாள் எதுவும் நீட்டவில்லை.
நேற்று பேரேட்டைத் திறந்தால்,
அறுபத்திரண்டு சாக்குக்கும்
டீசல் ஆயிரத்து எண்ணூறுக்கும் நடுவே
என்னுடையதல்லாத கையெழுத்து:
வெள்ளி 2.30.
கீழே, பொடி எழுத்தில்,
பூட்ஸைக் கழுவிட்டு வரணும்.