ஒன்பதாவது முறை

படத்தில் கேப்டன் தண்ணீரில் விழுகிற காட்சி ஒன்று உண்டு.
விழுவது நான்.

வலெரியான் பெரிய நடிகர். நீச்சல் தெரியாது.
அவருடைய தொப்பியையும் கோட்டையும் எனக்கு மாட்டி
முகத்தை மட்டும் காட்டிவிடாதே என்றார்கள்.
நான்கு நொடி. வெறும் பிடரி.
சுலினாவில் என் பிடரியைத் தெரியாதவர் கிடையாது.

கப்பலும் எங்களுடையதுதான், அஸ்த்ரா.
டான்யூப் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில்
மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் கட்டிக்கிடந்தோம்.
சினிமாக்காரர்கள் வந்து வாடகை பேசினார்கள்.
"இரண்டு நாள் கொடுங்கள், பெயிண்ட் அடித்துவிடுகிறோம்" என்றார்
எங்கள் கேப்டன் ஹரலாம்பியே.
டைரக்டர் பதறிப்போனார்:
"ஐயா, துருவுக்குத்தான் காசே."

கதை இவ்வளவுதான்.
ஐந்து பேர், நானூறு மூட்டை சிமென்ட்.
மழை இரவில் சரக்கறையை மூட மறந்துவிடுகிறார்கள்.
விடிந்து பார்த்தால் உள்ளே ஒரே கல்.
இறக்கவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல் தவிக்க,
ஏதோ ஒரு துறைமுகத்துக் குமாஸ்தா
அதைத் தீவு என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறான்.
ஐந்து பேரும் மந்திரிகள் ஆகிறார்கள்.
மீன்வளத்துறைக்குத்தான் அடிதடி.

அதில் ஒரு சிரிப்பு என்னுடையது.
சமையல்காரன் இரும்பு வாணலியைக் கொண்டுபோய்
திசைகாட்டிக்கு நேர் பின்சுவரில் மாட்டுகிறான்.
அன்று முதல் வடக்கு சமையலறையில்.
கப்பல் வட்டமடிக்கிறது, ஒரே கலங்கரை விளக்கத்துக்கு
நான்கு முறை வணக்கம் வைக்கிறார்கள்.
"எப்படியய்யா தோன்றியது?" என்றார் டைரக்டர்.
"சும்மாதான்."

சும்மா இல்லை.
ஆறு வருஷத்துக்கு முன்னால், மூடுபனி,
மூன்று நாள் கரையைத் தேடினோம்.
கேப்டனுக்கு விசாரணை. மேசைக்கு அந்தப்பக்கம் நான்கு பேர்.
குடித்திருந்தீர்களா?
சொட்டுகூடத் தொடாத மனிதர்.
இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.
அதற்குப் பிறகு கல்யாண வீட்டில்கூட
அவர் பல்லை யாரும் பார்த்ததில்லை.
நான் வாணலியை வேறு ஆணிக்கு மாற்றினேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.

அக்டோபர் தண்ணீர். எட்டு முறை விழுந்துவிட்டேன்.
கை சரியில்லை, கால் சரியில்லை,
மனிதன் விழுகிற மாதிரி இல்லை, மூட்டை விழுகிற மாதிரி இருக்கிறது.
போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்குகையில்
சூடாக ஒரு குவளை தேநீர் கொண்டுவந்தார் ஹரலாம்பியே.
குளிரோ என்னவோ, வாய் திறந்துவிட்டது.
வாணலி, ஆணி, மூன்று நாள், எல்லாம்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
குவளையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஒன்பதாவது முறை நான் விழவில்லை.
முதுகில் இரண்டு உள்ளங்கைகள்.

கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
தொப்பி தனியாக ஆகாயத்தில்.
தண்ணீருக்குள்ளேயே கேட்டது அந்தச் சிரிப்பு,
நெடுநாள் நின்றுபோன எஞ்சின் பிடித்துக்கொள்வதுபோல
இருமி, புகைந்து, பிறகு நிற்கவே மாட்டாமல்.
டைரக்டருக்கு மனசு வராமல் இன்னும் இரண்டு முறை எடுத்தார்.
படத்தில் இருப்பது ஒன்பதாவது.
சிரிப்பையும் வெட்டவில்லை.
புக்கரெஸ்ட் பத்திரிகைகள் வலெரியானின் விழுதலைப் புகழ்ந்தன.

அடுத்த மார்ச்சில் ஹரலாம்பியே போய்விட்டார்.
ஒவ்வொரு கோடையிலும் படம் போடுவார்கள்,
நான் அந்த நான்கு நொடிக்குப் போவேன்.

இந்த வருஷம் புதுப்பித்த பிரதி வந்தது.
கழுவிய கண்ணாடிபோல் படம். துரு அத்தனை சிவப்பு.
இரைச்சல்கள் நீக்கப்பட்டன என்று முதலிலேயே எழுத்து ஓடியது.
நான் சரியாகப் படிக்கவில்லை, கொசு.

விழுந்தேன்.
தண்ணீர்ச் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.
வழக்கமாக என் பெயரைக் கத்துகிற எவ்தோக்கியாகூடக் கத்தவில்லை.
நாற்காலிகள் கிறீச்சிட்டன.
யாரோ சிரித்தார்கள், காட்சி போன பிறகு,
தவறான இடத்தில், இருமி, புகைந்து.
எல்லோரும் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.
நான்தான்.

திரையில் மழை பிடித்திருந்தது.
சரக்கறை திறந்தே கிடந்தது.