இச்சி, நீ, தான்

ஜப்பானில் ஒன்றுக்கு இச்சியாம்,
இரண்டுக்கு நீயாம்.
சொல்லிக்கொண்டே குத்துகிறாள் தன்ஷிகா.
இச்சி காற்றுக்கு.
நீ என் வயிற்றுக்கு.

மூன்றுக்குச் சான்.
முன்பல் இரண்டும் விழுந்த சந்தில்
அது தான் என்று வெளியே வருகிறது.
திருத்தினால் கோபம்.
"வயித்த இறுக்கிக்கோப்பா,
தொளதொளன்னு நிக்கிற."

சிவதாபுரத்துப் பட்டறையில்
கொலுசுக்கு மணி பற்றவைக்கிறவன் நான்.
காலையில் குனிந்தால்
விளக்கு வைக்கும்போதுதான் முதுகு ஞாபகம் வரும்.
எந்த ஊர்க் கணுக்காலுக்கோ
ஒவ்வொரு மணியாக
பொடி வைத்து ஊதிக்கொண்டிருக்கிறேன்.

இவளுக்கென்று செய்தது
ஆணியில் தொங்குகிறது.
போன ஆடியில் அவளே கழற்றினாள்.
"உதைக்கறதுக்கு முன்னாடியே
சத்தம் போய்ச் சொல்லிருதுப்பா."
திருகாணி இரண்டும் தீப்பெட்டியில் பத்திரம்.
ஊரெல்லாம் கேட்கட்டும் நம் வெள்ளி,
இந்த வீட்டில் மட்டும் கேட்கக் கூடாது.

செவ்வாய், வியாழன், சனி.
கொண்டலாம்பட்டியில் மண்டபத்து மாடி.
வண்டியை நான் நிறுத்துவதற்குள் குதித்து
படியை இரண்டிரண்டாக ஏறிவிடுவாள்.
பரதம் சேர்க்கலாமே என்றிருந்த கோகிலவாணி
இப்போது அந்த வெள்ளை உடுப்பை
மற்ற துணியோடு நனைப்பதில்லை.
ரேஷன் வரிசையில் போனை நீட்டி
வீடியோ காட்டிக்கொண்டிருந்தாள் ஒருநாள்,
சர்க்கரை தீர்ந்தது தெரியாமல்.

மஞ்சள் பெல்ட்டுக்கு ஓடு உடைக்க வேண்டும்.
நன்றாக வெந்த ஓடு.
நெருப்போடு பிழைக்கிறவனுக்கு
பார்த்தாலே தெரியும்.
முதல் அடி.
ஓடு அப்படியே. கை சிவந்தது.
எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது,
அவளிடமா, வாசலுக்கா தெரியவில்லை.
அவள் மூக்கைச் சொறிந்தாள்.
நாடாவை இறுக்கிக் கட்டினாள்.
கணக்கு நோட்டைப் பார்ப்பதுபோல்
ஓட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
அப்புறம் ஒரு சில்லு
என் செருப்புவரை வந்து விழுந்தது.

அந்தச் சில்லு சட்டைப்பையில் இருந்தது,
செவ்வாய்ப்பேட்டைக் கடையில்
சேதாரம் என்று நாலு கிராம் கழித்த அன்று.
போன வாரமும் நாலு.
அதற்கு முந்தின வாரம் கேட்கவே இல்லை.
என் கால்கள் தாமாக அகன்றன.
முட்டி கொஞ்சம் வளைந்தது.
வயிற்றை இறுக்கிக்கொண்டேன்.
"தராசை இன்னொருக்கா வைங்க."

முதலாளி மேலும் கீழும் பார்த்தார்.
"என்ன பூபதி, ஒண்ணுக்கு வருதா?"
கடையே சிரித்தது.
நானும் சிரித்தேன்.
காலை மட்டும் சேர்க்கவில்லை.

ஒன்றரை கிராம் திரும்பி வந்தது.
அன்றைக்குத் தட்டுவடை செட் ஆளுக்கு இரண்டு பிளேட்.
எதற்கென்று சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை;
தாடையில் சட்னியோடு
கடைக்காரருக்கு முழங்கைத் தடுப்பு
செய்து காட்டிக்கொண்டிருந்தாள்.
அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு
பீட்ரூட் சிவந்த கையால் தடுத்துப் பார்த்தார்.
"அப்படியில்ல அண்ணா."

கரண்ட் போன இரவு, மொட்டைமாடி.
தூரத்தில் ஏற்காட்டுக்கு
ஒரு வண்டியின் வெளிச்சம்
வளைவு வளைவாக ஏறுகிறது.
அவள் எண்களை வைத்து எண்ணுகிறேன்.
பத்துக்கு மேல் எனக்குத் தெரியாது,
மறுபடியும் முதலிலிருந்து.

விலாவில் ஓர் உதை.
தூக்கத்தில்தான்.
சத்தமே வரவில்லை, சொன்னதுபோலவே.
இச்சி.
புரண்டு படுத்து இன்னொன்று.
நீ.

வயிற்றை இறுக்கிக்கொண்டு
மூன்றாவதற்குக் காத்திருக்கிறேன்.