கொக்கியில் விழும் எடை

"எதை இழுக்கணும்?" என்றான் டிவெய்ன்.
படகா, கூடார வண்டியா, பனி ஸ்கூட்டரா,
ஹான்காக் ஷோரூம் தாளில் மூன்றே கட்டங்கள்.
சௌனா, என்றேன்.
அவன் பேனா நாலாவது கட்டம் தேடியது.

தேவதாருப் பலகை, இரும்பு அடுப்பு,
அடுப்பின் தலையில் ஏரிக்கற்கள்,
ஆறு பேர் வேர்க்க ஒரு பெஞ்சு,
அத்தனைக்கும் இரண்டே சக்கரம்.
வெள்ளி மாலை யார் வீட்டு வாசலுக்கோ போகும்,
ஞாயிறு இரவு புகை வாசனையோடு திரும்பும்.
வீட்டுக் கடனில் பாதியை அதுதான் கட்டுகிறது.
இதுவரை அண்ணன் டிரக் இழுத்தது.
அண்ணன் டெக்சாஸ் போகிறான்.

மூன்று நீல வண்டிகள்.
ஐயாயிரம் பவுண்ட் இழுக்கும் என்றது விளம்பரத் தாள்.
அடியில், எறும்பு எழுதியது போல் ஒரு வரி:
ஓட்டுநர் மட்டும் இருந்தால்.
அப்படியானால் அந்த ஐயாயிரத்தில்
என் புருஷனைக் கழிக்க வேண்டும்.
ஆர்விட் சின்னக் கழித்தல் இல்லை.
பிறகு அன்னிக்கா, அவள் நாய், ஐஸ் பெட்டி,
விறகு இரண்டு கட்டு.
பழைய இரும்புக் கடை எடைமேடையில்
சௌனாவை இருமுறை நிறுத்திருக்கிறேன்,
வெயில் நாளில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று.
இடையில் தொண்ணூறு பவுண்ட் தண்ணீர்.
மரம் குடித்ததை யாரும் தாளில் போடுவதில்லை.

முதல் வண்டியில் எல்லாமே கண்ணாடித் திரை.
பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டித்
தொட்டேன். அது என்னைக் கண்டுகொள்ளவில்லை.
ஆறு மாதம் பனி கொட்டுகிற ஊரில்
கையுறையைத் தெரியாத வண்டி
எனக்கு எதற்கு?

இரண்டாவதில் முன் சீட்டுக்கு ஐந்து நட்சத்திரம்.
பின் சீட்டுக்கு? என்றேன்.
டிவெய்ன் போனில் மோதல் படம் ஓடவிட்டான்.
கன்னத்தில் வட்டம் ஒட்டிய பொம்மைகள்
சத்தமில்லாமல் முன்னே போய்ப் பின்னே வந்தன.
பின் சீட்டின் சின்னப் பொம்மை
பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி
வயிற்றால் அதைப் பிடித்தது.
மறுபடி போடு, என்றேன். மறுபடி.
அவன் போனைத் திருப்பிக் கேட்கவில்லை.

போன நவம்பர், நாற்பத்தொன்றாம் சாலை, ஒரு மான்.
எங்கள் சின்னக் காரின் முகப்பு
கடிதம் போல் மடிந்தது.
ஆர்விடுக்குக் காறையெலும்பு.
அன்னிக்கா அன்று பள்ளியில் இருந்தாள்.
அந்த ஒரு வரியை
வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது அழகில்லை,
தும்மப் போகிற காளையின் முகம்.
ஆனால் கூட்டுறவுக் கடையின் இடுக்கு நிறுத்தத்தில்
ஒரே வெட்டில் நுழைந்தது.
குமிழ்கள் திருகினால் திரும்பின.
வாங்கும் முன் சௌனாவை மாட்டிப் பார்க்கணும், என்றேன்.
அப்படி யாரும் கேட்டதில்லை, என்றான்.
உள்ளே போய்விட்டு
குல்லாய் போட்டுக்கொண்டு வந்தான்.

கொக்கியில் பத்தில் ஒரு பங்கு பாரம் விழவேண்டும்.
குறைந்தால் வால் ஆடும், கூடினால் மூக்கு தூக்கும்.
அடுப்புக் கற்களை இறக்கி முன்பக்கம் அடுக்கினேன்,
குழம்புக்கு உப்புப் பார்ப்பது போல்
ஒவ்வொன்றாய்.

குவின்சி மேட்டில் இன்ஜின் முனகியது,
பொய் சொல்லாத முனகல்.
இறக்கத்தில், கீழே,
ஏதோ படகுக்காகப் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது.
வரிசையாய்ச் சிவப்பு விளக்குகள். ஈரச் சாலை.
பிரேக்கை மிதித்தேன்.
கண்ணாடியில் பார்த்தேன்.
பின்னே வந்த யானை
பின்னேயே நின்றது.
தள்ளவில்லை, சாயவில்லை,
புகைக்குழாய் மட்டும் ஒருமுறை தலையாட்டியது.

டிவெய்ன் கைப்பிடியை விட நேரமானது.
பாலம் இறங்கும் வரை பேச்சில்லை.
பிறகு,
"சனிக்கிழமைக்கு எவ்வளவு?"
விலையை நீதானே சொல்லணும், என்றேன்.
வண்டிக்கு இல்லை, என்றான்,
பின்னால் இருப்பதற்கு.