எந்தத் தெய்வமலர்?

இரவு ஒரு மணிக்குப் பிறகுதான் டேட்டா மலிவு.
கல்லடியில் வாடகை அறை. முனகும் மின்விசிறி.
திரையில் யாரோ ஒருவன் வேகமாகப் பேசுகிறான்.
நிறுத்தி, பின்னுக்கு இழுத்து,
அவன் அடித்ததையே நானும் அடிக்கிறேன்.
சிவப்பாக ஏசுகிறது.
ஏறாவூரிலிருந்து ரிஸ்மியாவின் குரல்பதிவு, கொட்டாவியோடு:
"ஏழாம் வரியில இடைவெளி குறையுது கா.
எனக்கும் நேத்து இதேதான்."

பகலில் நான் செய்தியாளர்.
விபத்து, திறப்புவிழா, யானை, திறப்புவிழா.
வெள்ளம் வடிந்த மூன்றாம் மாதம்
நிவாரணப் பட்டியல் கேட்டுப் பதிவுத் தபால் போட்டேன்.
நாற்பத்தோராம் நாள் ஒரு சீடி வந்தது.
என் மடிக்கணினிக்கு அதை விழுங்க வாய் இல்லை.

கடையில் கொடுத்துப் பிரதி எடுத்துத் திறந்தால்
தமிழே இல்லை.
பாமினியில் அடித்த பெயர்கள்
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்ச் சிதறிக் கிடந்தன.
ஒவ்வோர் அரைப்புள்ளியும்
ஏதோ ஒரு மெய்யெழுத்தின் தலையிலிருந்து விழுந்தது.
தூக்கி வைக்க இருபத்தாறு வரியில் ஒரு செய்நிரல்,
என் முதலாவது.
புள்ளிகள் ஏறின. கொம்புகள் அடம்பிடித்தன.
கண்ணுக்குக் கொம்பு முன்னால் நிற்கிறது,
கணினிக்கோ அது பின்னால் வர வேண்டும்.
இது விளங்க எனக்கு இரண்டு இரவு.
மூன்றாம் இரவு, பள்ளிவாசலும் கோயிலும் விழிக்குமுன்,
தெய்வமலர் என்றொரு பெயர்
கொம்போடும் புள்ளிகளோடும் எழுந்து நின்றது.
கத்திவிட்டேன். பக்கத்து அறைக்காரி சுவரில் தட்டினாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
இரட்டைகளை நீக்கு என்றேன்.
ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.
"பத்தொன்பது பேர் ரெண்டு தரம் எடுத்திருக்கானுகள்.
முன்பக்கம். நாளைக்கே."
எனக்கும் ஆசைதான். முன்பக்கத்தில் என் பெயர்
எழுத்துப்பிழையோடுகூட வந்ததில்லை.

ஆனாலும் குருமண்வெளித் துறைக்குப் போனேன்.
பாதை அக்கரையில் நின்றது;
மோட்டார் சைக்கிள்களையும் ஒரு மீன்பெட்டியையும் சுமந்து
ஆறுதலாக வந்தது.
படுவான்கரையில் இறங்கி, சேறு காயாத ஒழுங்கையில்
தெய்வமலர் வீடு எது என்று கேட்டேன்.
டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பையன் நிமிரவில்லை.
"எந்தத் தெய்வமலர்?"

ஒருத்தி கந்தக்குட்டியின் மகள்.
ஒருத்தி கணபதிப்பிள்ளையின் பெண்சாதி.
இருவருக்கும் முன்னெழுத்து க.
ஒருத்தியின் அடையாள அட்டை பெட்டியோடு போனது,
மற்றவளுடையது அலுமாரியோடு.
இலக்கம் எழுதும் கட்டம் இருவருக்கும் வெறுமை.
வெறுமையும் வெறுமையும் ஒன்றே என்று
கணினிக்குச் சொன்னது நான்தான்,
சொல்கிறேன் என்று தெரியாமலே.

இரண்டாமவள் கேட்டாள்:
"மறுகா, என்ர பேர அழிச்சுப் போட்டியா புள்ள?"
என் பிரதியில் மட்டும்தான் என்றேன். நம்பவில்லை.
அச்செடுத்த தாளை வாங்கி, தன் வரியில் விரல் வைத்து,
"ரெண்டு மூடையா? வந்தது ஒண்டு" என்றாள்.
மூடை என்ற கடைசி நிரலை
நான் அதுவரை பார்க்கவேயில்லை.

பத்தொன்பதில் பதினொன்று
யாரோ தூக்கக் கலக்கத்தில் இருமுறை தட்டியவை.
ஆறில் ஆள் வேறு, ஆள் வேறு.
இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது. கட்டாராம்.

மறுநாள் முன்பக்கத்தில் ஒரு திறப்புவிழா வந்தது.

இரவு, இரட்டைகளை நீக்கும் வரிக்கு மேலே
கணினி வாசிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பாக
அந்தப் பையனின் கேள்வியை எழுதிவைத்தேன்.
கோப்பு ரிஸ்மியாவுக்குப் போனது.
"பதினெட்டாம் வரியில ஆரு கா இந்தப் பொம்பிள?"
பிறகு சொல்கிறேன் என்றேன்.
மூடைகளைக் கூட்டத் தொடங்கியிருந்தேன்.